பாதி வின்னுக்கு, பாதி பிளேசுக்கு

ரிச்மண்ட், மெல்பர்ன்
செப்டம்பர் 9

அன்புள்ள லோர்னா,

நலமா? உன் அக்கா ஐவியின் இடுப்பு எப்படி இருக்கிறது? என் இடுப்பைப் பற்றி நீ கேட்க மாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன்: அது போன வருடம் இருந்த இடத்தில் இல்லை. முடி வெட்டும்போது வாடிக்கையாளரின் பின்மண்டைக்கும் எனக்கும் நடுவில் என் வயிறு வந்து நின்று பஞ்சாயத்து பண்ணுகிறது.

தெருச் செய்தி ஒன்று. விடுதி நடத்தும் திருமதி குவில்டி ஒரு டிராம் கண்டக்டரோடு பெண்டிகோவுக்கு ஓடிப்போய்விட்டாள் என்று ஊரே பேசியது. அவள் போனது பல் கட்டிக்கொள்ள. திரும்பி வந்ததும், "அந்தக் கதைய மொதல்ல கிளப்புனது நீதானேடா டெஸ்?" என்று சலூன் வாசலில் நின்று புதுப் பல்லோடு கத்தினாள். அநியாயம். நான் இரண்டாவதாகத்தான் சொன்னேன்.

உன் கேக் கடை மறுபடியும் காலி. நீ டாஸ்மேனியாவுக்குக் கப்பலேறிய மூன்று வருடத்தில் மூன்று பேர் வந்து போய்விட்டார்கள்: மீன், பொம்மை, செருப்பு. கட்டடச் சொந்தக்காரர் கில்லெஸ்பி முகச்சவரத்துக்கு வந்தபோது, "தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுப்பா" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உன் கடைக்கும் என் சலூனுக்கும் நடுவே இருக்கும் பலகைச் சுவர் அப்படியே இருக்கிறது. சாயந்திரம் நாலு மணிக்கு மாவு உருட்டும் கட்டையால் இரண்டு தட்டு தட்டுவாயே, தேநீர் கொதித்துவிட்டது என்று. செருப்புக்காரர் நாள் முழுக்கத் தட்டினார். அதில் ஒரு தட்டுகூட எனக்கானது இல்லை.

சும்மா தகவலுக்காகச் சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பழைய பக்கத்துக் கடை,
டெஸ் கார்மடி


சிக்னெட், டாஸ்மேனியா
அக்டோபர் 14

அன்புள்ள டெஸ்,

நாங்கள் நலம். ஐவி கைத்தடியோடு தோட்டத்தைச் சுற்றி வருகிறாள், ஆளை அடிக்கவும் அதையே பயன்படுத்துகிறாள். உன் வயிறு நலம் என்று தெரிகிறது.

பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஆப்பிள் மரமெல்லாம் பூத்திருக்கிறது, பனி விழுந்தால் பூ கருகும் என்று விடியற்காலையில் எழுந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து பாஸ்கோ உதவுகிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவருடைய லாரியில்தான் போகிறோம். நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார். உன்னோடு பதினோரு வருடம் சுவரைப் பங்குபோட்ட எனக்கு அது எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

கடையை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கச் சொல். ஆல்ஃபி என்னை விதவையாக விட்டுப் போன பிறகு பதினோரு வருடம் அந்த அடுப்பின் முன்னால் நின்றுவிட்டேன். அடுப்பு என்னைத் தேடாது.

திருமதி குவில்டியின் புதுப் பல்லுக்கு என் வாழ்த்தைச் சொல்.

லோர்னா


ரிச்மண்ட்
அக்டோபர் 22

அன்புள்ள லோர்னா,

சௌக்கியமா? பூவும் சௌக்கியமா? பாஸ்கோவுக்குத் தலையில் முடி இருக்கிறதா? தொழில்முறையில் கேட்கிறேன்.

கில்லெஸ்பி மறுபடி கேட்டார். வாய் சும்மா இருக்குமா? அடிலெய்டிலிருந்து ஒரு குடும்பம் உன் கடைக்கு வரப்போகிறது, ஆறு பிள்ளைகள், மூத்ததுக்கு அம்மை போட்டிருப்பதால் தாமதம் என்று அளந்துவிட்டேன். "பாவம்பா, பொறுமையா வரட்டும்" என்றார். மாதத்துக்கு ஒரு பிள்ளையாக அம்மை போட்டால் மார்ச் வரை தாங்கும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கூயோங்கில் டென்னிஸ் போட்டி தொடங்குகிறது. நம் வழக்கம் ஞாபகம் இருக்கிறதா? பெரிய ஆட்டக்காரர்களைத் தொடக்கூடாது, யாருமே மதிக்காத ஒருவன்மேல் ஆளுக்கு இரண்டு டாலர் கட்ட வேண்டும். நீ முழுவதையும் வின்னுக்கு வைப்பாய். நான் பாதி வின்னுக்கு, பாதி பிளேசுக்கு: ஆள் கோப்பையைத் தூக்கினால் டாலருக்கு இவ்வளவு என்று பேசிய விலை முழுசும், இரண்டாவதாக வந்தால் கால் விலை. பதினோரு வருடத்தில் நம் ஆட்கள் யாரும் மூன்றாவது சுற்றைத் தாண்டியதில்லை என்பது வேறு விஷயம்.

இந்த வருடமும் கட்டலாமா? இன்னொன்று. நீ இங்கே வருவதற்கு என்ன நடக்க வேண்டும்? இதைக் கேள்வி என்று எடுத்துக்கொள்ளாதே. கேட்கவில்லை என்றும் எடுத்துக்கொள்ளாதே.

டெஸ்


சிக்னெட்
நவம்பர் 18

அன்புள்ள டெஸ்,

உடம்பெல்லாம் சரியாக இருக்கிறது. மனசுதான் கொஞ்சம் கோபமாக இருக்கிறது, அதனால்தான் நான்கு வாரம் எழுதவில்லை.

நீ எல்லாவற்றிலும் பாதி வின்னுக்கு, பாதி பிளேசுக்கு வைக்கிற ஆள். நான் கப்பலேறிய அன்று துறைமுகத்தில் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு என்ன சொன்னாய்? "திரும்பி வந்தாலும் சரி லோர்னா, அங்கயே இருந்துட்டாலும் சரி, உனக்கு எது தோதோ அது." சங்கு ஊதும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொரு வாக்கியம் வரும் என்று நினைத்தேன். நீ கையாட்டினாய். இரண்டு கையையும்.

சரி, பந்தயம்தானே உனக்குப் புரியும். ஒரு டாலருக்கு நூறோ அதற்கு மேலோ விலை சொல்கிற ஒருவனைப் பொறுக்கு. அவன் கோப்பையைத் தூக்கினால் நான் வந்து அந்த அடுப்பைப் பற்றவைக்கிறேன். தூக்காவிட்டால் நீ இதைப் பற்றி மறுபடி எழுதக்கூடாது. இரண்டாம் இடம் கணக்கில் இல்லை.

பாஸ்கோ என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார். அவர் நேராகக் கேட்டார். புதுவருடம் கழித்துப் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு முடி இருக்கிறது, நிறைய.

லோர்னா


ரிச்மண்ட்
டிசம்பர் 17

அன்புள்ள லோர்னா,

நலம், நலம். நான் தூங்கி நான்கு வாரம் ஆகிறது, மற்றபடி நலம்.

ஆள் கிடைத்துவிட்டான். பெயர் ஆர்வோ கைவோலா, பின்லாந்துக்காரன். வருடத்தில் பாதி நாள் பனியில் கிடக்கிற ஊர். குவில்டி விடுதியில் தங்கியிருக்கிறான். கொக்கு மாதிரிக் கழுத்து. நேற்று முடி வெட்ட வந்தான். நாற்பது நிமிடம் பேசினேன்: கூயோங்கின் புல், மெல்பர்ன் வெயில், குவில்டியின் பல். கடைசியில் அவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "போதும்." முடியைச் சொன்னானா, என்னைச் சொன்னானா தெரியவில்லை. எழுந்து கண்ணாடியில் பார்த்தான். நான் வெட்டியதைப் பார்த்த பிறகும் முகம் மாறவில்லை. இவ்வளவு தைரியமுள்ள ஆள் எதையும் தாங்குவான் என்று எனக்குப் பட்டது.

மதுக்கடைப் பின்சந்தில் திருட்டுத்தனமாகப் பந்தயம் எழுதும் நம் நாபியிடம் போனேன். அதே மூக்கு, போலீஸைப் பார்த்தால் சீட்டை விழுங்குகிற அதே பழக்கம்.

"கைவோலாவா? ஒண்ணுக்கு நூறு தர்றேன். இந்த வெயிலுக்கு வெண்ணெய் மாதிரி உருகிருவான்டா. என்ன, வழக்கம்போல பாதிப் பாதியா?"

"இல்ல. வின்னுக்கு மட்டும். இருபது டாலர்."

நாபி பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதிலேயே வைத்தான். "டெஸ், டாக்டரப் பாத்தியா? இருபது வருஷமா உன் பந்தயத்த எழுதுறேன், பிளேஸ் இல்லாம உன்னால காலைல சட்டைகூடப் போட முடியாதேப்பா!"

"எழுதுடா" என்றேன். இரண்டு தடவை சரிபார்த்து எழுதிச் சீட்டைக் கொடுத்தான்.

உன் நிபந்தனைப்படியே வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஐவிக்கும். லாரிக்கும்.

டெஸ்


சிக்னெட்
டிசம்பர் 21

அன்புள்ள டெஸ்,

வாழ்த்துகள். இங்கே எல்லாரும் சுகம். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு பாஸ்கோ வருகிறார், வாத்து அவருடையது.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை பின்லாந்துக்காரனின் தலையை நினைத்துச் சிரித்தேன். இரண்டாவது முறை சிரிக்கவில்லை. இருபது டாலர், வின்னுக்கு மட்டும். ஏன்டா மனுஷா இப்படிச் செய்தாய்?

தபால் வண்டி வந்துவிட்டது. இன்னொரு கடிதமும் போட வேண்டும், அதனால் இதைச் சுருக்குகிறேன்.

வெயிலில் அவன் தொப்பிக்குள் ஈர முட்டைக்கோஸ் இலை வைத்துக்கொள்ளட்டும். ஆல்ஃபி கிரிக்கெட் ஆடும்போது அப்படித்தான் செய்வார்.

லோர்னா


ரிச்மண்ட்
டிசம்பர் 30

அன்புள்ள லோர்னா,

நீ நலமா, நான் நலமா, அதெல்லாம் பிறகு. மூன்று சுற்று! மூன்று!

சலூன் வாசலில் "கடுமையான காய்ச்சல்" என்று எழுதித் தொங்கவிட்டு டிராம் ஏறினேன். கூயோங்கில் என் வாடிக்கையாளர்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "காய்ச்சல் எப்படி இருக்கு டெஸ்?" என்று வரிசையாகக் கேட்டார்கள்.

நாற்பத்தொரு டிகிரி வெயில். எதிரில் ஆடியவன் அமெரிக்கன், எருமை மாதிரி தோள். இரண்டாவது செட்டில் அவன் நிழலைத் தேடிப் போய் நின்றுவிட்டான். நம் ஆள் முட்டைக்கோஸ் இலையோடு ஓடிக்கொண்டே இருந்தான். இலை என் கைங்கரியம், இல்லை, உன்னுடையது. "எவன்டா இவன், தலைல தோட்டம் வச்சிருக்கான்?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். "என் வாடிக்கையாளர்" என்று எழுந்து நின்று சொன்னேன். உட்காரச் சொல்லிப் பாட்டில் மூடி எறிந்தார்கள்.

இன்னொன்று. முதல் சுற்றில் ஜெயித்ததிலிருந்து ஆட்டமுள்ள நாளெல்லாம் காலையில் வந்து என் நாற்காலியில் அரைமணி நேரம் உட்காருகிறான். வெட்ட ஒன்றும் இல்லை. நான் பேசக்கூடாது. விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டான். லோர்னா, அரைமணி நேரம் வாயை மூடிக்கொண்டு நான் நிற்கிறேன், உன்னால் நம்ப முடிகிறதா? அப்போதுதான் அந்தச் சுவர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று தெரிகிறது.

டெஸ்


சிக்னெட்
ஜனவரி 2

அன்புள்ள டெஸ்,

ரேடியோவில் கேட்டோம். அரையிறுதியையும் தாண்டிவிட்டானாமே. ஐவி கைத்தடியால் தரையை அடித்து, "அடிடா அவன! இன்னும் ரெண்டு அடி!" என்று கத்தியதில் பாஸ்கோ எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அடுப்பில் இருந்த ஆப்ரிகாட் பழ ஜாம் கரிந்துபோனது. நான் ஜாம் கரிய விட்டது இதுதான் முதல் தடவை.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பாடுதான் இறங்கவில்லை, வெயிலாக இருக்கும்.

செருப்புக்காரர் அடுப்புத் தட்டுகளைக் கொண்டுபோய்விட்டாரா, இருக்கிறதா? சும்மா கேட்டேன்.

லோர்னா


ரிச்மண்ட்
ஜனவரி 4

அன்புள்ள லோர்னா,

நீ நலமாக இருக்க வேண்டும்.

ரேடியோவில் கேட்டிருப்பாய். இறுதிப் போட்டியில் ஐந்தாவது செட்வரை போய்த் தோற்றான். தோற்கப்போகிற அந்தக் கடைசிப் புள்ளியில் பந்தைப் பத்திரமாக உள்ளே தள்ளியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் கோட்டைக் குறிவைத்து நேராக அடித்தான். இரண்டு விரல் அகலம் வெளியே.

இன்று காலை பெட்டியோடு வந்தான். சவரம் செய்துவிட்டேன். காசு வாங்கவில்லை. "வருத்தமா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "வருத்தம்தான். ஆனா தள்ளியிருந்தா இன்னும் வருத்தம்" என்றான். என் நாற்காலியில் அவன் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

பந்தயம் பந்தயம்தான். இனி அதைப் பற்றி எழுத மாட்டேன். கடையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி திங்கட்கிழமை கில்லெஸ்பியிடம் சொல்லிவிடுகிறேன். பாஸ்கோ நல்லவர் என்று நீ சொன்னால் நல்லவராகத்தான் இருப்பார்.

அடுப்புத் தட்டுகள் நான்கும் இருக்கின்றன. நான்தான் எடுத்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

டெஸ்


ரிச்மண்ட்
ஜனவரி 9

அன்புள்ள லோர்னா,

கள்ளி! நீ நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன?

இன்று நாபி சலூனுக்குள் வந்தான். வெளிச்சத்தில் அவனைப் பார்த்ததே இல்லை, யாரோ என்று நினைத்துத் துண்டைப் போர்த்திவிட்டேன். "சவரத்துக்கு வரலடா. இது லோர்னாவோட காசு, உங்கிட்ட குடுக்கச் சொல்லி எழுதியிருந்தா" என்று ஒரு உறையை நீட்டினான். ஐம்பத்திரண்டு டாலர்.

"எதுக்குடா?"

"கிறிஸ்துமஸுக்கு மொத நாள் அவகிட்ட இருந்து கடுதாசி வந்துச்சு. நாலு டாலர், அதே பின்லாந்துக்காரன் மேல. ரெண்டு வின்னுக்கு, ரெண்டு பிளேசுக்கு. வின்னு போச்சு, ரெண்டாவதா வந்ததுக்குக் கால் விலையில ஐம்பது, பிளேசுக்குப் போட்ட ரெண்டும் சேத்து. நீங்க ரெண்டு பேரும் புத்தியக் கித்திய மாத்திக்கிட்டீங்களா?"

கடிதத்தையும் காட்டினான். உன் கையெழுத்து. கீழே ஒரு வரி: "டெஸ் இந்தத் தடவை நேராக வைத்துவிட்டான், விழுந்தால் பிடிக்க யாராவது வேண்டாமா?"

துண்டை நாபியிடமிருந்து வாங்கி என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று அவனிடம் சொன்னேன். சோப்பு எடுக்கவே இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

லோர்னா, இதைப் பற்றி எழுத மாட்டேன் என்றேன், எழுதுகிறேன். துறைமுகத்தில் சொல்லாமல் விட்ட வாக்கியம் இது. வந்துவிடு. கேக்குக்காக இல்லை, கடைக்காக இல்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள். உன் தோதைப் பார்த்துக்கொள் என்று எழுத மாட்டேன், என் தோது இதுதான். இந்தக் கடிதத்தில் பிளேஸ் கிடையாது.

கில்லெஸ்பியிடம் திங்கட்கிழமை உண்மையைச் சொல்லிவிட்டேன். "இதுவரைக்கும் நாலு புள்ளைக்கு அம்மைன்னியே, ஒண்ணுக்குமே போடலியா?" என்று கேட்டார். அவருக்கு ஏமாற்றம். வாடகையை நானே கட்டுகிறேன் என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டேன். தோற்ற பிறகு ஏன் வாங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை.

டெஸ்


சிக்னெட்
ஜனவரி 30

அன்புள்ள டெஸ்,

மூன்று வாரம் உன்னைத் தவிக்க விட்டதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். முதலில் பதில் சொல்ல வேண்டிய இடம் வேறு இருந்தது. பாஸ்கோவுக்கு ஜாம் இரண்டு பாட்டில் எடுத்துப் போனேன், கரியாதது. அவர் கேட்டதற்கு முடியாது என்று சொன்னேன். பாட்டிலை வாங்கி வெயில் படாத இடத்தில் வைத்தார். "ரேடியோ கேட்ட அன்னிக்கே தெரிஞ்சுது லோர்னா" என்றார். ஐவியின் இடுப்புக்குத் தைலம் கொடுத்தனுப்பினார். நல்ல மனிதர், டெஸ். இதில் நீ எந்த நகைச்சுவையும் செய்யக்கூடாது.

இனி என் பக்கம். என் பந்தயம் பாதிக்குப் பாதி, ஆகையால் என் வருகையும் அப்படித்தான். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை ஆப்பிள் பறிப்பு, ஐவியைத் தனியாக விட மாட்டேன். மற்ற மாதங்கள் அங்கே. பறிப்புக் காலத்தில் நீயும் இங்கே வர வேண்டும், பறிக்க வருகிறவர்கள் முப்பது பேர் தலையும் காடாகக் கிடக்கிறது. இந்த வருடப் பறிப்பு முடிந்து மே மாதம் கப்பலேறுகிறேன். அந்த ஐம்பத்திரண்டில் டிக்கெட் வாங்கி அனுப்பு.

நீ கேட்டதற்குப் பதிலை எழுத மாட்டேன். இத்தனை வருடம் கழித்து வந்த கேள்விக்குத் தபால்தலை ஒட்டிப் பதில் அனுப்ப எனக்கு மனமில்லை. வந்த அன்று நாலு மணிக்குச் சுவரைத் தட்டுகிறேன். இரண்டு தட்டினால் தேநீர் மட்டும். மூன்று தட்டினால், நீ கேட்டது.

அதுவரை தூங்கு, சாப்பிடு. தட்டுகளுக்கு எண்ணெய் போதும்.

லோர்னா


மே 6
(சவர பிளேடு உறையின் பின்பக்கத்தில், பக்கத்துக் கடைக் கதவுக்கு அடியில் தள்ளியது)

லோர்னா,

பிரயாணக் களைப்பு தீர்ந்ததா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை. முறை கிடக்கட்டும். மணி நாலு அடித்தது. இரண்டு தட்டு தெளிவாகக் கேட்டது. மூன்றாவதாக ஏதோ வரும் சமயத்தில் என் நாற்காலியில் இருந்த மிஸ்டர் டூலன் தும்மித் தொலைத்துவிட்டார். பாதிச் சவரத்தோடு உட்கார்ந்திருக்கிறார், பதில் தெரியாமல் கத்தியைத் தொட மாட்டேன். இரண்டா, மூன்றா?

டெஸ்


(அதே காகிதத்தில், கீழே, மாவுக் கைரேகையோடு)

மறுபடி தட்டுகிறேன். எண்ணு, இரண்டோடு நிறுத்திவிடாதே. டூலனை மூக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

லோ.